மூன்று மாத மகாராஜாக்கள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு டச் பார்க்கும், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று சோதிக்கும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஏற்காட்டில் குடியேறிவிட்ட நம் காசுப் பத்தியாளர், அற்ப ஆயுளில் போன ரோமானியப் பேரரசர்களின் காசுகளைச் சேர்ப்பவர். இந்த இதழில் அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.

ரோமானியக் காசு என்றால் அகஸ்டஸ், டைபீரியஸ், நீரோ என்று எல்லோரும் பெரிய பெயர்களைத் தேடுகிறார்கள். நீங்கள் ஏன் பேர் தெரியாத ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?
*– பள்ளி ஆசிரியர், ஆத்தூர்*

வாத்தியாரே, டைபீரியஸ் 20 வருஷத்துக்கு மேல் ஆண்டவர். அவருடைய வெள்ளி தினாரியஸ் கிட்டத்தட்ட முழுக்க ஒரே அச்சு. முன்பக்கம் தலை, பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். நல்ல வெள்ளி, நல்ல எடை. அவசரமே இல்லாத மனிதரின் காசு அது. பார்த்தோமா, எடுத்து வைத்தோமா என்று போய்விடலாம்.

ஓத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 69 ஜனவரி 15-ஆம் தேதி, அப்போது பேரரசராக இருந்த கிழவர் கால்பாவைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 16-ஆம் தேதி தன்னைத் தானே குத்திக்கொண்டு செத்தார். இடையில் இருந்ததெல்லாம் உள்நாட்டுப் போர். வடக்கிலிருந்து, பட்டத்துக்குப் போட்டியிட்ட விட்டெல்லியஸின் படை இறங்கி வந்துகொண்டிருக்கிறது. இவர் அடித்த வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் 'பாக்ஸ் ஆர்பிஸ் டெர்ராரும்' என்று எழுத்து. உலகம் முழுக்க அமைதி என்று அர்த்தம்! முன்பக்கத்தில் வரிவரியாக அடுக்கிய சுருள்முடி. அது டோப்பா என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். தலையில் டோப்பா, வாயில் உலக சமாதானம். இதைக் கையில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பெர்ட்டினாக்ஸ் உங்கள் தொழில்காரர்தான். விடுதலை பெற்ற அடிமையின் மகன், இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு படையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். 193 ஜனவரி 1 முதல் மார்ச் 28 வரை, மொத்தம் 87 நாள் பேரரசர். அவருடைய தினாரியஸ் ஒன்றில் 'வோட் டெசென்' என்றிருக்கும். பத்து வருஷ ஆட்சிக்காகச் செய்துகொண்ட வேண்டுதல் அது. வேண்டுதலை எழுதிய காசு இன்னும் இருக்கிறது. அவரை அவருடைய மெய்க்காவல் படையே வெட்டிப் போட்டுவிட்டது.

ஆண்ட நாள் குறைவு என்றால் காசும் குறைவு, விலையும் அதிகம். இந்தக் கணக்கு சரிதானே?
*– வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி*

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். நாட்களை எண்ணாதீர்கள். காசு அடிக்கும் அக்கசாலை யார் கையில் இருந்தது, எத்தனை படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது, அதைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பேரரசனை உட்கார வைத்ததே படைதான். உட்கார வைத்த படைக்குச் சன்மானம் போய்ச் சேர வேண்டும். புது ஆள் வந்ததும் அச்சு வெட்டுகிறவன் தூங்கியிருக்கவே மாட்டான்.

குவின்டில்லஸ் என்று ஒருவர். 270-இல் அண்ணன் இரண்டாம் கிளாடியஸ் கொள்ளைநோயில் இறந்ததும் ஆட்சிக்கு வந்தவர். எத்தனை நாள் ஆண்டார்? பழைய நூல்கள் சில 17 நாள் என்கின்றன. இன்னொன்று 77 நாள் என்கிறது. சில மாதம் என்று எழுதியவரும் உண்டு. நூல்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், காசு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ரோமில் அடித்திருக்கிறார்கள், மிலானில் அடித்திருக்கிறார்கள், இன்றைய குரோஷியாவில் இருக்கும் சிசியாவில் அடித்திருக்கிறார்கள். விதவிதமான பின்பக்கங்கள். சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 17 நாளில் இது நடக்கிற காரியமா? செய்தி ஊருக்கு ஊர் போய்ச் சேரவே அத்தனை நாள் ஆகுமே! ஆகவே ஆண்ட நாள் கொஞ்சம்தான் என்றாலும் சுமாரான குவின்டில்லஸைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கிவிடலாம்.

மாரியஸ் கதை இன்னும் சுவை. கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம், 269-இல் பேரரசரான கொல்லர். முதல் நாள் பட்டம், இரண்டாம் நாள் ஆட்சி, மூன்றாம் நாள் கொலை. கொன்ற வாளும் அவர் பட்டறையில் அவரே அடித்தது என்று ஒரு பழைய கதை. செவ்வாய்ப்பேட்டையில் இதைச் சொன்னால் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அவர் காசுகள் இரண்டு அக்கசாலைகளில் அடிக்கப்பட்டவை. மூன்று நாள் கதையை அந்தக் காசுகளே மறுத்துவிடுகின்றன. சில வாரமோ சில மாதமோ இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர், 238-இல் வட ஆப்பிரிக்காவில் கிளம்பிய முதலாம் கோர்டியனும் அவர் மகன் இரண்டாம் கோர்டியனும். சுமார் மூன்று வாரம். மகன் கார்த்தேஜுக்கு வெளியே சண்டையில் விழுந்தார். செய்தி கேட்ட தகப்பன் தூக்குப் போட்டுக்கொண்டார். பேரரசர்களாக ரோமில் இருவரும் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் ரோம் அக்கசாலை அவர்கள் முகத்தை வெட்டிக் காசு அடித்தது, ஏனென்றால் செனட் அவர்கள் பக்கம். இந்தக் காசுகள் நிஜமாகவே அபூர்வம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் வந்த பேரன் மூன்றாம் கோர்டியனின் காசு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தாத்தா காசு என்று பேரன் காசைத் தலையில் கட்டுவார்கள். எழுத்தில் 'ஆப்பிரிக்கானஸ்' என்பதன் சுருக்கமாக 'ஏ, எஃப், ஆர்' என்ற மூன்று எழுத்து இருந்தால் தாத்தாவோ மாமனோ. இல்லையென்றால் பேரன். பேரன் முகம் மீசை முளைக்காத பையன் முகம், அதுவும் உதவும்.

விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலியஸ் சீசர் முதல் டொமீஷியன் வரை பன்னிரண்டு பேரையும் ஒரு தட்டில் அடுக்க ஆசைப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தத் தட்டில் ஓத்தோவுக்கும் ஒரு குழி உண்டு. அதனால் ஓரளவு நல்ல ஓத்தோ தினாரியஸ் லட்சத்தைத் தாண்டிவிடும். 253-இல் மூன்று மாதம் ஆண்ட எமிலியனுக்கு அப்படி வரிசையில் நிற்க ஆளில்லை. அவர் அதில் ஒரு சின்னப் பங்குக்கே வந்துவிடுவார். நான் எமிலியன் கட்சி.

ரோமானியப் பேரரசையே ஏலம் விட்டார்கள் என்கிறார்களே, கட்டுக்கதைதானே?
*– வாசகர், மேட்டூர்*

நடந்தது. பெர்ட்டினாக்ஸை வெட்டிய அதே நாள், 193 மார்ச் 28. மெய்க்காவல் படையின் முகாமுக்கு உள்ளே நின்று கேட்டவர் செத்தவரின் மாமனார் சல்பிசியானஸ். வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர் பணக்கார செனட்டர் டிடியஸ் ஜூலியானஸ். படைவீரர் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் காசு வரை உள்ளே இருந்தவர் போனார். வெளியே இருந்தவர் ஒரே தூக்கில் 5,000 ஏற்றி, வாயால் கத்தியதோடு விரலாலும் காட்டினாராம். 25,000-க்கு முடிந்தது. இதை எழுதிய வரலாற்றாசிரியர் டியோ அந்தக் காலத்தில் செனட்டில் இருந்தவர், பின்னாளில் கேள்விப்பட்டு எழுதிய ஆள் இல்லை.

ஜூலியானஸ் 66 நாள் இருந்தார். அதற்குள் மனைவி மான்லியா ஸ்கன்டில்லா பெயரிலும் மகள் டிடியா கிளாரா பெயரிலும்கூடக் காசு அடித்துவிட்டார். தன் காசில் 'ரெக்டார் ஆர்பிஸ்', உலகை ஆள்பவன் என்று போட்டுக்கொண்டார். இன்னொன்றில் 'கன்கார்ட் மிலிட்', படையின் ஒற்றுமை. விலை கொடுத்து வாங்கிய ஒற்றுமையைப் பிறகு அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணா, பழைய காசுக்கு டச் பார்த்தால் அசல் எது, போலி எது என்று தெரிந்துவிடாதா? நம் ஊரில்தான் தெருவுக்கு ஒரு டச் கடை இருக்கிறதே.
*– கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை*

தம்பி, முதலில் அந்த உரைகல்லை உள்ளே வை. கொலுசில் ஒரு கோடு இழுத்தால் மெருகில் போய்விடும். காசில் இழுத்த கோடு போகாது.

எக்ஸ்-ரே மெஷினில் வைக்கலாம், காசுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெள்ளிக் காசில், மேலே இருந்த செம்பு கரைந்து போய் வெள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் உள்ளே இருப்பதைவிடத் தோல் அதிக டச் காட்டும். காசு அடித்தவர்களும் வில்லையை அமிலத்தில் காட்டி வெளுப்பாக்கித்தான் அச்சுக்குக் கொடுத்தார்கள். மெஷின் 90 காட்டியது என்று யாராவது சொன்னால் தோல் 90 என்று எழுதிக்கொள்.

போலி பார்க்க டச் அவ்வளவு உதவாது. போலி செய்கிறவன் நல்ல வெள்ளியிலேயே செய்யலாமே! ஆனால் ரோமின் கதையைப் படிக்க டச்சைப் போல எதுவும் இல்லை. அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளி கிட்டத்தட்டச் சொக்கம். 64-வாக்கில் நீரோ ஒரு ராத்தலுக்கு 84 என்று இருந்த தினாரியஸை 96 ஆக்கினார். எடை குறைந்தது, கலப்பும் ஏறியது. பிறகு இறக்கம்தான். நடுவில் நம்ம இலக்கண வாத்தியார் பெர்ட்டினாக்ஸ் வந்து, கஜானா காலியாகக் கிடந்த அந்த நேரத்திலும், வெள்ளியின் தரத்தை உயர்த்தினார். ஏலத்தில் எடுத்த ஜூலியானஸ் வந்ததும் இறக்கிவிட்டார். ஆளுக்கு 25,000 எங்கிருந்தாவது வர வேண்டுமல்லவா? இரண்டு பேரின் தினாரியஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வருஷத்தில் ஒரு நேர்மையும் ஒரு கடனும் தெரியும்.

270-க்கு வந்தால் குவின்டில்லஸ் காசில் வெள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. கண்ணுக்குச் செம்புதான். அவருக்குப் பின் ஆரேலியன் ஓரளவு சீர்செய்தார். அந்தக் காசுகளின் அடியில் '21' என்பதை ரோமானிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 20 பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 276-இல் மூன்று மாதம்போல் இருந்துவிட்டு, டார்சஸில் சொந்தப் படையாலேயே கொல்லப்பட்ட ஃப்ளோரியன் காசிலும் இந்தக் குறி உண்டு. தன் டச்சைத் தானே எழுதி வைத்திருக்கும் காசு! நம் தெருவில் எத்தனை பேர் அப்படி எழுதத் தயார் என்று கேட்க மாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் கிணற்றைத் தூர்வாரும்போது வெள்ளிக் காசுகள் கிடைத்தன. யவனக் காசு போலிருக்கிறது. ஓத்தோவாக இருக்குமா?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சங்ககிரி பக்கம்*

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் கொங்குப் பகுதியில் கிடைத்தவை பெரும்பாலும் அகஸ்டஸும் டைபீரியஸும்தான். கோவை வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட தினாரியஸ் கிடைத்தபோதும் அதுதான் கதை. நம் சேலம் மாவட்டத்திலேயே கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளி கிடைத்திருக்கிறது. நீரோ கலப்பை ஏற்றியபின் புது வெள்ளிக் காசுகளின் வரத்து இங்கே சுருங்கிவிட்டது. இங்கே வாங்கியவர்கள் முகத்தை அல்ல, வெள்ளியை வாங்கியிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். மண்ணுக்குள் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துச் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் வி.ஏ.ஓ.விடம் போங்கள், எழுதிக் கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். யாருக்கும் ஒன்று இரண்டு என்று பங்கு கொடுக்காதீர்கள். எனக்கும் அனுப்ப வேண்டாம். நான் வாங்க மாட்டேன். நான் சேர்ப்பதெல்லாம் ரசீதோடு ஏலத்தில் எடுத்தது.

இணையத்தில் 800 ரூபாய்க்கு ஓத்தோவின் பெரிய செம்புக் காசு வருகிறது. வாங்கலாமா?
*– கல்லூரி மாணவர், ஓமலூர்*

ரோம் அக்கசாலையில் ஓத்தோ பொன்னும் வெள்ளியும் மட்டும்தான் அடித்தார். செம்புக் காசு கிழக்கே அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா போன்ற ஊர்களில் அடித்தது, அதன் அமைப்பே வேறு. ஆகவே ரோம் பாணியில் ஓத்தோவின் பெரிய செம்பு என்று யார் நீட்டினாலும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலைகூட வேண்டாம்.

போலி இன்று பிறந்த தொழில் இல்லை தம்பி. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் கவினோ என்ற கலைஞர் ரோமானியப் பெரிய செம்புகளைப் பார்த்து அழகழகாக அச்சு வெட்டினார்; அவற்றை இப்போது தனியாகவே சேர்க்கிறார்கள். 1830-இல் இறந்த பெக்கர் என்ற ஜெர்மானியர் வேறு ரகம். புதிதாக அடித்த போலிகளை இரும்புத் துருவலும் எண்ணெயும் போட்ட பெட்டியில் வைத்து, வண்டிக்கு அடியில் கட்டி, ஊர் ஊராக ஓட்டிப் பழசாக்குவாராம். கிழவர்களை உலாவக் கூட்டிப் போனேன் என்று குறித்து வைப்பாராம். அவருக்கு அபூர்வமான பேரரசர்கள்மேல்தான் கண். அது இயல்பு, மலிவான குவின்டில்லஸைப் போலி செய்து யார் பிழைக்க முடியும்?

இன்னொரு வகை, அசல் காசிலேயே முகத்தைச் சுரண்டி வேறு ஆளாக்குவது. எடை சரியாக இருக்கும், உலோகம் சரியாக இருக்கும். எழுத்தின் அடியில் தளம் பள்ளமாக இருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வார்ப்புக் கோடு, பரப்பில் குமிழித் துளிகள் இருந்தால் வார்த்தது. ரோம் அக்கசாலை பேரரசர்களின் காசை அடித்ததே தவிர வார்க்கவில்லை.

ஒரே ஒரு காசால் மட்டும் உலகத்துக்குத் தெரியவந்த பேரரசர் உண்டா?
*– நூலகர், சேலம்*

ஏறத்தாழ உண்டு. 1900-இல் பிரான்சில் நான்ட் நகரத்துக்குப் பக்கத்தில் கிடைத்த புதையலில் டொமிஷியானஸ் என்ற பெயரோடு ஒரு காசு. புகழ்பெற்ற டொமீஷியன் இல்லை. இவர் 271-வாக்கில் கால் நாட்டில் தலையெடுத்தவர். போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். 2003-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் சால்க்ரோவ் என்ற இடத்தில், கிட்டத்தட்ட 5,000 காசு ஒட்டிக்கிடந்த ஒரு பானையைப் பிரித்தபோது இரண்டாவது காசு வந்தது. இரண்டும் ஒரே அச்சு. நூறு வருஷம் போலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் பேரரசராக எழுந்து உட்கார்ந்தார்.

இதைப் பார்த்துவிட்டு இன்னொரு பக்கமும் கிளம்பினார்கள். 1713-இல் திரான்சில்வேனியாவில் கிடைத்த ஸ்பான்சியானஸ் தங்கக் காசுகளும் அசல்தான் என்று 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. பல காசு நிபுணர்கள் ஒப்பவில்லை. நானும் ஒப்பவில்லை. அந்த எழுத்தையும் முகத்தையும் பார்த்தால் எனக்கு ரோம் வாசனையே வரவில்லை.

ஏற்காட்டு ஈரத்தில் காசுகளை எப்படி வைத்திருக்கிறீர்கள்?
*– காபித் தோட்டக்காரர், நாகலூர்*

உங்களுக்குத் தெரியாத ஈரமா! மூடி இறுகிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுவேன். பி.வி.சி. உறை கூடவே கூடாது, கொஞ்ச காலத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். செம்புக் காசில் வெளிர்ப்பச்சைப் பொடி உதிர்ந்தால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே தின்கிறது. மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள் பெரும்பாலும் செம்புதான் என்பதால் எனக்கு இந்தப் பயம் அதிகம்.

இவருக்குப் பேரரசர்கள் மேல் இருக்கும் அக்கறை வீட்டின் மேல் இல்லை. இந்தச் செலவு தேவையா என்று நீங்களே கேளுங்கள்.
*– பத்தியாளரின் மனைவி, ஏற்காடு*

இந்தக் கேள்வி தபாலில் வரவில்லை, அடுப்பங்கரையிலிருந்து வந்தது. ஆசிரியர் வெட்ட மறுத்துவிட்டார். அம்மணி, உன் பெட்டியில் இருக்கும் கொலுசுகளின் மொத்த எடை என்ன என்று நான் எப்போதாவது கேட்டிருக்கிறேனா?

தாத்தா, நான் பத்தாம் வகுப்பு. கையில் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. முதல் காசு எது வாங்கலாம்?
*– மாணவி, அம்மாபேட்டை*

கண்ணு, மனசுக்குப் பிடித்ததைச் சொல்வதா, கைக்கு எட்டுவதைச் சொல்வதா? பிடித்தது பால்பினஸும் பூப்பியனஸும். கோர்டியன்கள் செத்ததும் செனட் இரண்டு பேரைச் சேர்த்துப் பேரரசர்களாக்கியது, 238-இல். 99 நாள். அவர்கள் அடித்த பெரிய வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் 'பரஸ்பர அன்பு', ஒன்றில் 'பரஸ்பர நம்பிக்கை' என்று எழுதியிருக்கும். மெய்க்காவல் படை கொல்ல வருகிறது என்று தெரிந்து, ஜெர்மானியக் காவலர்களைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். அது எனக்கு வைக்கிற பொறி என்று மறுத்தார் மற்றவர். அவர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே படை உள்ளே வந்து இருவரையும் இழுத்துப் போனது. அந்தக் காசை வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கொள், இப்போது உன் பணத்துக்கு எட்டாது.

இப்போதைக்குக் குவின்டில்லஸ். எழுத்து முழுக்கப் படிக்க முடிகிற ஒன்றாகப் பார். வெள்ளைப் பளபளப்பு இல்லை என்று தள்ளாதே. வாங்கும் இடத்தில் ரசீது கேள். எந்த ஏலத்திலிருந்து வந்தது என்று எழுதித் தரச் சொல். நம் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே பின்னால் வெளிநாட்டுக்கு அனுப்பி லாபத்துக்கு விற்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டால் சொல்லிவிடு. வீட்டுக்கு வந்ததும் எடை போட்டு, பேர், அக்கசாலை, பின்பக்க எழுத்து எல்லாம் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போடு. சேலம் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு போய், அங்கே பழங்காசுகளை எப்படிக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா. சீட்டு எழுதும்போது எத்தனை நாள் ஆட்சி என்ற இடத்தில் 17 என்று மட்டும் எழுதிவிடாதே.